21-ஆவது வளைவில் ஒரு கோபுரம்: குறும்புப் பேய்களை வைத்து வீட்டிலேயே அனிமேஷன் எடுப்பது எப்படி

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கும். வண்டியில் போகிற பிள்ளைகள் அதைச் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே வருவார்கள். நமக்கு வேண்டிய கதை அந்தப் பலகையிலேயே இருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக ஒரு குறும்புப் பேய் பலகைகளை இடம் மாற்றி வைத்துவிடுகிறது. 7 முடிந்ததும் மறுபடி 6 வருகிறது. 20 தாண்டி ஊர் வர வேண்டிய இடத்தில் 21 என்று ஒரு பலகை. அதற்குப் பின்னால், பனிமூட்டத்துக்குள், யாரும் பார்த்திராத ஒரு கோபுரம்.

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். கோடை விடுமுறை வந்தால் எல்லோரும் சேர்ந்து இப்படி ஒரு பேய்ப் படம் எடுப்போம். ஒரு செல்போன், சார்ட் பேப்பர், பட்டர் பேப்பர், இரண்டு மேசை விளக்கு இருந்தால் நீங்களும் எடுக்கலாம். தாளில் வெட்டிய பேயைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம் என்று போனில் எடுத்து வரிசையாக ஓட்டினால் பேய் தானே நகரும். இதற்குப் பெயர்தான் ஸ்டாப் மோஷன். டி.ஆர்.சுந்தரம் 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய ஊர் இது. ஏற்காடு சாலையில் அந்த ஸ்டூடியோவின் வளைவு இன்றும் நிற்கிறது. மலை ஏறும் வழியில் பிள்ளைகளுக்கு அதைக் காட்டாமல் நான் தாண்டுவதில்லை. படம் எடுக்க நம் ஊரை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் பேய். பேயை நல்ல பேயாக்க எல்லோரும் அதன் வாயில் ஒரு சிரிப்பை வரைந்துவிடுகிறார்கள். அது போதாது. சிரித்துக்கொண்டே பயமுறுத்துகிற பேய்தான் இருப்பதிலேயே பயங்கரம். நல்ல பேய் என்று பார்ப்பவருக்குத் தெரிவது குறும்பு முடிந்த பிறகுதான். பலகையை மாற்றிய பேய் ஓடி ஒளிந்தால் அது வெறும் விஷமம். மரத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, வண்டியில் ஒரு குட்டிப் பெண் அழத் தொடங்கியதும் பதறிப்போய்ப் பலகையைத் திருப்பி வைக்க ஓடினால், அந்தப் பேயைப் பிள்ளைகள் வீட்டுக்கே கூட்டிப்போக ஆசைப்படுவார்கள். அதனால் கதை எழுதும்போதே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: குறும்புக்கு ஒரு நொடி, அதற்குப் பின் பேயின் முகத்துக்கு மூன்று நொடி.

பேய்களுக்கு ஆளுக்கு ஒரு ஆசை கொடுங்கள், ஒன்று மட்டும். எங்கள் கோபுரத்தில் மூன்று பேர். கீழ்த்தளத்தில் கொலுசுப் பாட்டி: சேலத்துச் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுகளில் ஒற்றைக் கொலுசை மட்டும் எடுத்து ஒளித்துவைப்பாள், தேடி வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருக்கலாமே என்று. நடுத்தளத்தில் காப்பிப் பேய்: குடிக்க முடியாது, வாசம் மட்டும்தான் பிடிக்க முடியும், அதனால் யாருடைய டம்ளரிலிருந்தாவது ஆவியைக் கிள்ளிக்கொண்டு போகும். மேல்தளத்தில் பனிப்பேய்: தும்மினால் மலையே மறைந்துவிடும். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்தால் காப்பிச் செடிகள் கொத்துக் கொத்தாக வெள்ளையாய்ப் பூக்கும். வெள்ளைப் பேய் ஒளிய அதைவிட நல்ல இடம் கிடையாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முனியை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். வெண்ணங்குடி முனியப்பன் தொடங்கி நம் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் கும்பிடுகிற சாமி அவர். குறும்புக்கு வேதாளம் இருக்கிறது, குட்டிச்சாத்தான் இருக்கிறது, நாமே உண்டாக்கிய பேய்களும் இருக்கின்றன. அதேபோல ஒருவருடைய உடம்பையோ நிறத்தையோ வைத்துப் பேய் கேலி செய்யக் கூடாது. பிள்ளைகள் அதை மறுநாளே பள்ளிக்கூடத்தில் செய்து பார்ப்பார்கள்.

கோபுரம் வரைவது சுலபம். 22-க்கு 28 அங்குல சார்ட்டை நீளவாக்கில் மூன்று பட்டைகளாக வெட்டி, ஒன்றின் தலையில் ஒன்றை ஒட்டுங்கள். சுமார் 2 மீட்டர் உயரக் கோபுரம் கிடைக்கும். கேமராவை அசைக்கவே வேண்டாம். பட்டையை ஒவ்வொரு படத்துக்கும் 5 மில்லிமீட்டர் கீழே இழுத்தால், பார்க்கிறவர் கோபுரத்தில் ஏறுவதுபோல் இருக்கும். நொடிக்கு 12 படம் என்று வைத்தால் 2 மீட்டருக்கு 400 படம், அதாவது அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள், ஓடுகின்றன. கையால் வரைகிற அனிமேஷனில் ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவது பழைய வழக்கம், அந்தக் கணக்கில்தான் 12. கோபுரத்தின் உச்சி ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிய வேண்டும் என்பதற்கு ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையில் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். இருட்டியதும் கீழே சேலம் முழுக்க விளக்குப் புள்ளிகள். கறுப்புச் சார்ட்டில் ஊசியால் குத்தி, பின்னாலிருந்து விளக்கு வைத்தால் அது அப்படியே வந்துவிடும்.

பனிமூட்டத்துக்குப் பஞ்சு. கையால் இழுத்து இழுத்து, கீழே இருக்கும் படம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக்கி, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளின் மேல் பரப்பி, அந்தத் தாளை ஒவ்வொரு படத்துக்கும் 2 மில்லிமீட்டர் நகர்த்துங்கள்.

போனை மேலிருந்து கீழே பார்க்கிற மாதிரி வையுங்கள். இரண்டு பக்கமும் கனமான புத்தக அடுக்கு, மேலே ஒரு பலகை, போனின் லென்ஸ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். பகல் வெளிச்சத்தை நம்ப வேண்டாம், ஒரு மேகம் நகர்ந்தால் படம் முழுக்கத் துடிக்கும். ஜன்னலைச் சாத்தி, இரண்டு பக்கமும் ஒரு விளக்கைச் சாய்வாக வையுங்கள். திரையில் பேயின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் அப்படியே நின்றுவிடும். படம் நகர்த்துகிறவர் வெள்ளைச் சட்டை போட வேண்டாம், அதில் பட்ட வெளிச்சம் தாளில் விழும். ஸ்டாப் மோஷன் செயலிகளில் முந்தைய படம் மங்கலாகத் தெரிகிற வசதி இருக்கும். அதைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை: பேயை நகர்த்துவது. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று நம் பாட்டிகள் சொன்னது அனிமேஷன் செய்கிறவருக்குப் பெரிய உதவி, நடையே வரைய வேண்டாம். ஆனால் ஒரே சீராக நகர்த்தினால் பேய் மிதக்காது, கன்வேயரில் போகிற பெட்டிதான் தெரியும். முதலில் 2 மில்லிமீட்டர், அடுத்து 4, பிறகு 8, 8, 8, நிற்கப் போகும்போது 4, கடைசியில் 2. நேர்கோட்டில் இல்லாமல் லேசாக வளைந்து போகட்டும். வலப்பக்கம் பாய வேண்டும் என்றால் அதற்கு முன் மூன்று படத்துக்கு இடப்பக்கம் சாயட்டும். உடலை ஒரு துண்டாகவும் வாலை இன்னொரு துண்டாகவும் வெட்டி, வால் எப்போதும் இரண்டு படம் பின்தங்கியே வரும்படி பாருங்கள். உடல் நின்ற பிறகும் வால் முன்னே வந்து மோதி அடங்க வேண்டும். எடையே இல்லாத ஒன்று நம் கண்ணுக்கு நிஜமாவது அந்த வாலில்தான்.

கண்ணை ஒட்டாதீர்கள். பாதி மூடியது, விரிந்தது, ஓரமாகப் பார்ப்பது என்று மூன்று ஜோடி தனியாக வெட்டி மாற்றி மாற்றி வையுங்கள். கண் சிமிட்ட இரண்டு படம் போதும். முன்பு சொன்ன மூன்று நொடிக்கு 36 படம். அதில் பேயை ஒரேயடியாக உறைய வைத்தால் உயிர் போய்விடும். வாலை மட்டும் ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படி அசைத்துக்கொண்டே இருங்கள். வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "மிஸ், பேய் இவ்ளோ நேரம் சும்மா நிக்குதே, போரடிக்காதா?" "அது சும்மா நிக்கலைடா, யோசிக்குது" என்றேன். அவனே உடனே கண்ணை ஓரப் பார்வையிலிருந்து விரிந்த கண்ணுக்கு மாற்றினான். அந்த ஒரு மாற்றத்தில் கொலுசுப் பாட்டிக்கு வெட்கம் வந்துவிட்டது!

சுவருக்குள் புகுந்து போக, சுவர்ப் படத்தில் பிளேடால் ஒரு கோடு கீறி (இது பெரியவர் வேலை) பட்டர் பேப்பர் பேயை அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொருகுங்கள். பட்டர் பேப்பரின் வழியே பின்னால் இருக்கிற செங்கல் மங்கலாகத் தெரியும். அதற்கு எந்த செயலியும் ஈடாகாது.

நிஜப் பிள்ளையும் பேயும் ஒரே காட்சியில் வர வேண்டுமா? 1862-இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் செய்து காட்டிய வித்தை இருக்கிறது. போட்டோ சட்டத்தின் கண்ணாடியை எடுத்து, ஓரங்களுக்கு டேப் ஒட்டி, போனுக்கு முன்னால் 45 பாகை சாய்வில் நிறுத்துங்கள். பிள்ளை கண்ணாடிக்கு அப்பால் மங்கிய வெளிச்சத்தில் நிற்கட்டும். போனின் பார்வைக்கு வெளியே, பக்கவாட்டில், கறுப்புத் துணிக்கு முன்னால் பேய்ப் பொம்மை. பொம்மை மேல் விளக்கைக் கூட்டினால் அதன் பிம்பம் கண்ணாடியில் விழுந்து, பிள்ளைக்குப் பக்கத்தில் பேய் தோன்றும். விளக்கைக் குறைத்தால் காற்றில் கரையும். இதை வீடியோவாகவே எடுக்கலாம்.

சத்தத்துக்குச் சமையலறைக்குப் போங்கள். எவர்சில்வர் தட்டில் காய்ந்த ஜவ்வரிசியைச் சன்னமாகக் கொட்டினால் மலை மழை. தட்டுவடையைப் போனுக்குப் பக்கத்தில் நொறுக்கினால் சருகில் நடக்கிற சத்தம். சொம்பின் வாயில் ஊதினால் கோபுரக் காற்று. பாட்டியின் கொலுசை மட்டும் நிஜக் கொலுசிலேயே பதியுங்கள், ஆனால் ஒற்றைக் கொலுசு! இரண்டு கால் சத்தம் கேட்டால் கதை கெட்டுவிடும். பேய்க்குரலைப் பிள்ளைகளே பேசட்டும், கரகரப்பாக மாற்றாமல், தங்கள் சொந்தக் குரலில். போர்வைக்குள் போனோடு புகுந்துகொண்டு பேசினால் தெருச் சத்தம் குறையும்.

முடிந்ததும் மாடியில் வேட்டியைக் கட்டி, தெருவில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காமல் அந்த முகத்தைப் பாருங்கள். எங்கே கையால் கண்ணை மூடுகிறதோ அந்த நொடியைக் குறித்துக்கொண்டு, அதற்கு அடுத்து வரும் படங்களை மட்டும் மறுபடி எடுங்கள். அங்கே பேயின் முகம் இன்னும் ஒரு நொடி கூடுதலாகத் தெரிய வேண்டியிருக்கும்.