சேய் கிளாஸைக் கேட்டால் தாய் வந்து நிற்கிறதா? ஃபேக்டரி மெத்தடைச் சரியாக எழுதுவது எப்படி

வெப்பநிலை என்று ஒரு கிளாஸ். அதன் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் மெத்தட்) செல்சியஸை மட்டும் வாங்கும். கையில் இருப்பது ஃபாரன்ஹீட் என்றால்? கன்ஸ்ட்ரக்டருக்குள் இஃப் மேல் இஃப் போடாமல், அலகை மாற்றி ஆப்ஜெக்டைச் செய்து தரும் தனி மெத்தட் எழுதலாம். அதுதான் ஃபேக்டரி மெத்தட். (டிசைன் பேட்டர்ன்களில் இதே பெயரில் வருவது வேறு சங்கதி, இப்போது வேண்டாம்.)

பைத்தானின் அமைப்பை ஒட்டி, 'டெஃப்' இல்லாமல், சொற்களைத் தமிழாக்கித் தருகிறேன். 'தொடக்கம்' என்பது கன்ஸ்ட்ரக்டர், 'தான்' என்பது அந்த ஆப்ஜெக்ட் (செல்ஃப்), 'திருப்பு' என்பது ரிட்டர்ன்.

படி 1: முதல் முயற்சி

```
கிளாஸ் வெப்பநிலை:
    தொடக்கம்(தான், செ):
        தான்.செ = செ

    @ஸ்டாட்டிக்மெத்தட்
    ஃபாரன்ஹீட்டிலிருந்து(ஃபா):
        திருப்பு வெப்பநிலை((ஃபா - 32) * 5 / 9)
```

ஸ்டாட்டிக்மெத்தட் என்றால், ஆப்ஜெக்டோ கிளாஸோ தானாக முதல் ஆர்கியுமென்ட்டாக வராத மெத்தட். 212 கொடுத்தால் 100 டிகிரி ஆப்ஜெக்ட் வரும். இதுவரை குறையில்லை.

படி 2: சேய் கிளாஸ்

அடைப்புக்குள் தாய் கிளாஸின் பெயரைக் கொடுத்தால், அதன் மெத்தட்கள் சேய் கிளாஸுக்கும் வந்துவிடும்.

```
கிளாஸ் உடல்வெப்பம்(வெப்பநிலை):
    காய்ச்சலா(தான்):
        திருப்பு தான்.செ >= 38

அ = உடல்வெப்பம்.ஃபாரன்ஹீட்டிலிருந்து(102.2)
அ.காய்ச்சலா()
```

39 டிகிரி, 'ஆம்' என்று வர வேண்டும். வருவதோ அட்ரிபியூட் எரர்: வெப்பநிலை ஆப்ஜெக்டில் காய்ச்சலா என்று எதுவும் இல்லையாம்!

எரரில் இருக்கும் கிளாஸ் பெயரைக் கவனியுங்கள். உடல்வெப்பத்தைக் கேட்டோம், வெப்பநிலை வந்திருக்கிறது. மெத்தட் சேய்க்கு வந்து சேர்ந்தது உண்மைதான். ஆனால் அதற்குள் தாயின் பெயரை நாமே எழுதிவைத்துவிட்டோம். முதன்முதலில் இதில் மாட்டியபோது, காய்ச்சலா மெத்தடையே வெகுநேரம் நோண்டிக்கொண்டிருந்தேன். பிழை அந்தப் பக்கமே இல்லை.

படி 3: பெயரை எடுத்துவிடுங்கள்

```
    @கிளாஸ்மெத்தட்
    ஃபாரன்ஹீட்டிலிருந்து(கிளாஸ்தான், ஃபா):
        திருப்பு கிளாஸ்தான்((ஃபா - 32) * 5 / 9)
```

கிளாஸ்மெத்தடுக்கு, எந்தக் கிளாஸின் வழியாக அழைத்தோமோ அந்தக் கிளாஸே முதல் ஆர்கியுமென்ட்டாக வந்துவிடும். பைத்தானில் வழக்கமாக அதை 'சிஎல்எஸ்' என்பார்கள். உடல்வெப்பம் வழியாக அழைத்தால் உடல்வெப்பம், வெப்பநிலை வழியாக அழைத்தால் வெப்பநிலை. சேய் கிளாஸில் ஒரு வரிகூட மாறவில்லை.

படி 4: மிச்சமிருக்கும் பொறி

நாளைக்கு உடல்வெப்பத்தின் கன்ஸ்ட்ரக்டரில் 'அளந்த நேரம்' என்று இரண்டாவது ஆர்கியுமென்ட் சேர்த்தால், ஃபேக்டரி செல்சியஸை மட்டும் அனுப்பும். டைப் எரர்தான் மிஞ்சும். புதிய ஆர்கியுமென்ட்டுக்கு டிஃபால்ட் மதிப்பு கொடுப்பது எளிய வழி. நேரம் கட்டாயம் வேண்டுமென்றால் சேய் கிளாஸில் ஃபேக்டரியை ஓவர்ரைடு செய்யுங்கள், அதாவது அதே பெயரில் மறுபடி எழுதுங்கள். தாயின் ஃபேக்டரியில் 'கண்டதையும் வாங்கி அப்படியே அனுப்பு' என்று எழுதுவோரும் உண்டு. எந்த ஆர்கியுமென்ட் எங்கே போகிறதென்று பிறகு தேட வேண்டியிருப்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை.