எஸ்டேட் ஜீப் மாதிரி ஏறும் பொம்மை வண்டி: சஸ்பென்ஷனும் கியரும் சேர்த்துக் கட்டும் முறை

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு. தார் ரோட்டில் பஸ் போவதைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. மேலே காபி எஸ்டேட்டுக்குள் மூட்டையோடு கல்லிலும் குழியிலும் குதித்துப் போகிற பழைய ஜீப்பைக் குனிந்து பாருங்கள். சக்கரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்குச் சுற்று கொண்டுபோகும் ஷாப்ட் மட்டும் நிற்காது. லெகோ டெக்னிக்கில் (கியர், ஷாப்ட் எல்லாம் கோத்துக் கட்டும் பொம்மைக் கட்டைகள்) மோட்டார் வண்டி கட்ட ஆரம்பிப்பவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். சஸ்பென்ஷனை அழகாகக் கட்டி முடித்துவிட்டு, அப்புறம் அதற்குள் கியரைத் திணிக்கப் பார்ப்பார்கள். நானும் அப்படிச் செய்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன்தான்.

இந்த வண்டிக்குப் பின்சக்கரத்தில் மட்டும் இழுவை. லெகோவின் எல் (லார்ஜ்) மோட்டார் ஒன்று, பேட்டரிப் பெட்டி, ஒரு யூனிவர்சல் ஜாயிண்ட் (ஷாப்ட் மடங்கினாலும் சுற்றைக் கடத்தும் சிலுவை இணைப்பு), இரண்டு ஷாக் அப்சார்பர், 8, 24 பல் கியர்கள், சுற்றைச் செங்கோணத்தில் திருப்ப 12, 20 பல் சாய்வு கியர்கள், 62 மி.மீ. அளவில் நான்கு சக்கரம், கொஞ்சம் பீம் (வரிசையாகத் துளை உள்ள நீளக் கட்டை). அதே அளவில் வரும் வேறு கம்பெனிக் கட்டைகளும் பொருந்தும்.

கியர் கணக்கு

பீமில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் 8 மி.மீ. இரண்டு கியரின் பற்களைக் கூட்டி 16-ஆல் வகுத்தால், எத்தனை துளை தள்ளி வைக்க வேண்டும் என்று வந்துவிடும். 8-ம் 24-ம் 32. ஆக 2 துளை. 8-ம் 40-ம் 48, 3 துளை. 16-ஐயும் 24-ஐயும் சேர்த்தால் இரண்டரை வரும். ஆரம்பத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நம் வண்டியில் 8-லிருந்து 24-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்கு. 12-லிருந்து 20-க்குப் போனால் இன்னும் குறையும். மொத்தத்தில் மோட்டார் 5 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எல் மோட்டார் சுமையில்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 390 சுற்று என்று வைத்தால், சக்கரத்துக்கு 78. நிமிடத்துக்கு 15 மீட்டர் வேகம். சுமை ஏறினால் இதுவும் குறையும். மலை ஏறுகிற வண்டிக்கு அது போதும்.

பின் ஆக்ஸில்

வரிசை இப்படி: மோட்டார், யூனிவர்சல் ஜாயிண்ட், 8 பல், 24 பல், 12 பல், 20 பல், சக்கரம். ஜாயிண்ட் மோட்டாரை ஒட்டி முன்னால் இருப்பதைக் கவனியுங்கள். முதல் தடவை நான் கியர் எல்லாவற்றையும் மோட்டார் பக்கம் போட்டேன். அடுக்கி வைத்த புத்தகத்தின் மேல் வண்டி ஏறப் பார்த்தது, ஷாப்ட் முறுக்கிக்கொண்டு, ஜாயிண்ட் சடக்கென்று உடைந்தது. வேகத்தைக் குறைத்தால் முறுக்கு கூடும். அந்த முறுக்கை மெல்லிய ஜாயிண்டின் தலையில் கட்டக்கூடாது. முறுக்கைக் கூட்டும் கியர்களைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2011-இல் லெகோவில் வந்த யூனிமாக் லாரி (8110) செட்டில் சக்கரத்தை ஒட்டியே கியர் இருப்பதும் இந்த வழிதான்.

ஆக்ஸிலைச் சுற்றிப் பீமால் ஒரு சட்டம் கட்டுங்கள். எந்த கியர் ஷாப்டும் ஒரு பக்கம் மட்டும் தாங்கி நிற்கக்கூடாது. சுமை வந்ததும் கியர்கள் ஒன்றையொன்று தள்ளும். சட்டம் லேசாக விரிந்தாலும் பல் தாண்டி டக் டக்கென்று சத்தம் வரும். “மாமா, வண்டி பல்லைக் கடிக்குது” என்று அக்கா பையன் சொன்னது அதைத்தான். 12 பல் கியரின் மேலும் கீழும் குறுக்கே ஒரு பீம் போட்டதும் சத்தம் நின்றுவிட்டது.

கீல்

சட்டத்தின் முன்பக்கத்தில் இரண்டு கைகள் நீட்டி, அவற்றைச் சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) இடது வலது பீமில் ஊசி (துளையில் செருகும் பின்) போட்டு இணைக்கிறோம். இந்த இரண்டு ஊசியும் நடுவில் இருக்கும் ஜாயிண்டின் சிலுவையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஊசியைச் செருகுவதற்கு முன் வண்டியைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, துளை வழியாகப் பாருங்கள். துளையின் நடுவில் ஜாயிண்டின் சிலுவை தெரிந்தால் சரி. அரைத் துளை தள்ளித் தெரிந்தால் பிரித்துவிட்டு மறுபடி கட்டுங்கள், சோம்பல் படாதீர்கள். கோடு தவறினால் சக்கரம் ஏறும்போது ஷாப்டின் நீளம் பற்றாமல் கழன்று வரும், அல்லது இடித்து நின்றுவிடும். சங்ககிரிப் பக்கம் லாரிப் பட்டறையில் பார்த்தால், பெரிய ஷாப்டில் ஒன்றுக்குள் ஒன்று நகரும் பகுதி இருக்கும். லாரி அப்படிச் சமாளிக்கிறது. நமக்குக் கோட்டைச் சரியாக வைப்பதே சுலபம்.

கறுப்பு ஊசி இறுக்கிப் பிடிக்கும். கீலுக்கு லூசான சாம்பல் ஊசிதான். வண்டி நிற்கும்போது கைகள் ஏறக்குறைய தட்டையாக இருக்கட்டும். ஜாயிண்ட் அதிகமாக மடங்கினால் ஷாப்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகமெடுத்து, இரண்டு முறை தயங்கும்.

ஷாக் அப்சார்பர்

கீழ் முனை சட்டத்தில், மேல் முனை சேசிஸில். சக்கரத்துக்கு நேராகப் போட்டால் கெட்டி. கீலுக்கும் சக்கரத்துக்கும் பாதி வழியில் போட்டால், அதே ஸ்பிரிங் சக்கரத்தில் கால் பங்கு பலம்தான் காட்டும். எங்கே போடுவது என்பதை மோட்டாரும் பேட்டரியும் ஏற்றிய பிறகு முடிவு செய்யுங்கள். வண்டி சும்மா நிற்கும்போது ஸ்பிரிங் மூன்றில் ஒரு பங்கு அமுங்கியிருந்தால் நல்லது. அமுங்கவே இல்லையென்றால் குழியில் சக்கரம் கீழே இறங்காமல் அந்தரத்தில் சுற்றும்.

முன் ஆக்ஸில்

இதற்கு ஸ்பிரிங் வேண்டாம். டிராக்டரின் முன்னால் போய்ப் பாருங்கள்: ஆக்ஸில் நடுவில் ஒரே ஊசியில் தராசு மாதிரி ஆடும். அதேபோல வண்டியின் நீளவாக்கில் ஒரு ஊசி, அதில் ஆக்ஸில். மேடு பள்ளத்துக்கு முன் சக்கரங்கள் தாமே சாய்ந்துகொள்ளும். நான்கு சக்கரமும் தரையிலேயே இருக்கும். திருப்புவதற்கான ஏற்பாட்டை வண்டி நேராக ஓடிய பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

மோட்டாருக்கு முன் கை

மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பின்சக்கரத்தைச் சுண்டுங்கள். தடையில்லாமல் கொஞ்சம் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் முதல் சந்தேகம் ஷாப்டில் போட்ட புஷ் (ஷாப்ட் நகராமல் பிடிக்கும் சிறு வளையம்) மீது. நகம் நுழைகிற இடைவெளி விட்டு நகர்த்துங்கள். பிறகு சட்டத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே சுற்றிப் பாருங்கள். எந்த உயரத்திலும் கை ஒரே மாதிரி உணர்ந்தால் மோட்டாரைப் பூட்டலாம்.

நாங்கள் முதல் சோதனையைத் தட்டுவடையை வரிசையாக அடுக்கி நடத்தினோம். வண்டி நாலாவதைத் தாண்டியது. ஐந்தாவதை அக்கா பையன் தின்றுவிட்டிருந்தான். அப்புறம் வாசலில் கொட்டிக் கிடந்த ஜல்லிமேல் விட்டோம். சரளமாக ஏறி, பேட்டரி பின்னால் இருந்ததால் உச்சியில் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. பேட்டரிப் பெட்டியை மூன்று துளை முன்னால் நகர்த்தினோம்.