விரும்பும் கலைக்கு நாளில் ஓர் இடம்

சென்னையில் வேலைக்குச் செல்லும் ஒருவரின் நாள் பெரும்பாலும் பிறர் வகுத்த நேரக் கணக்கில்தான் நகர்கிறது. தண்ணீர் வரும் நேரம், பள்ளி வேன் வரும் நேரம், ரயிலைப் பிடிக்கும் நேரம், அலுவலகம் முடிந்த பின்னும் வந்துகொண்டிருக்கும் வாட்ஸ்அப் செய்திகள் என எல்லாவற்றுக்கும் இடம் இருக்க, ஒரு காலத்தில் ஆசையாகப் பழகிய வீணைக்கோ தூரிகைக்கோ மட்டும் இடமில்லாமல் போய்விடுகிறது. ஓய்வு கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தள்ளிவைக்கிறோம். நெருக்கடி மிகுந்த நாட்களில்தான் அது மிகவும் தேவைப்படுகிறது என்பதால், அதற்கான நேரத்தை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் தலைமையில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வொன்றில், 39 பேர் களிமண், வண்ணப் பேனா, வெட்டி ஒட்டும் படங்கள் ஆகியவற்றைக் கொண்டு 45 நிமிடம் தம் விருப்பப்படி ஏதேனும் செய்தார்கள். முன்னும் பின்னும் எடுத்த உமிழ்நீரைச் சோதித்தபோது, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. ஆய்வு சிறியது, அதை வைத்துப் பெரிய முடிவு கட்ட இயலாது. ஆயினும், முன்பே கலைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பது, தமக்குத் திறமை இல்லை என்று தயங்குபவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி.

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு, கையும் கண்ணும் ஒருசேர ஈடுபடும் வேலையைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். சிக்குக் கோலம் இதற்கு மிகப் பொருத்தமானது. புள்ளிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் வளைத்துச் சுற்றிவந்து, தொடங்கிய இடத்திலேயே கோட்டைக் கொண்டு சேர்க்க வேண்டியிருப்பதால், அடுத்த வளைவு எங்கே திரும்ப வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைவுக்கு அங்கே இடமில்லை. மாவு நிற்காமல் விழ வேண்டுமானால் விரல்களின் வேகமும் ஒரு சீராக இருக்க வேண்டும். அவசரப்பட்டால் கோடே காட்டிக்கொடுத்துவிடும். அடுக்குமாடி வீட்டில் வாசல் இல்லாதவர்கள் நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் போட்டாலும் அதே கவனம் கூடிவருகிறது. பாட்டு, தையல், கதை எழுதுவது, களிமண் பொம்மை செய்வது என உங்களுக்குப் பிடித்தது வேறாக இருக்கலாம். சிறுவயதில் எதைச் செய்தபோது சாப்பிடக் கூப்பிட்டதும் காதில் விழவில்லையோ, அதிலிருந்து தொடங்கலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும். ஆனால் அதை ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு இணைத்துவிட வேண்டும்: காலைக் காபி குடித்த உடனே, அல்லது மாலையில் விளக்கேற்றிய பிறகு. தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையத்துக்கு ரயிலில் உட்கார்ந்து செல்ல இடம் கிடைப்பவர்கள் சிறிய நோட்டுப் புத்தகத்தில் படம் வரையலாம். நின்றுகொண்டே பயணம் செய்பவர்களுக்கு மதிய உணவுக்குப் பிந்தைய நேரம் நல்லது. இந்த நேரத்தைப் பற்றி வீட்டில் உள்ளவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். குறிப்பாகப் பெண்களுக்கு வீட்டு வேலை தானாக முடிவதே இல்லை என்பதால், அந்த இருபது நிமிடத்தில் அடுப்பையும் குழந்தையையும் வேறொருவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். இதைச் சலுகையாகக் கருதாமல், வீட்டின் அன்றாட ஒழுங்காகவே ஆக்க வேண்டும். வீட்டில் தனிமையே கிடைக்காதவர்கள், எழுதுவதை விரும்பினால், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குச் செல்லலாம்.

பொருள்கள் கைக்கு எட்டும் இடத்தில் திறந்தபடி இருக்கட்டும். பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டுவதற்குள் மனம் மாறிவிடும். விலையுயர்ந்த தாள் வீணாகிவிடுமோ என்ற அச்சத்தைத் தரும் என்பதால், தொடக்கத்தில் பாரிமுனைக் கடைகளில் கிடைக்கும் சாதாரணத் தாளே சிறந்தது. செல்போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

செய்ததை உடனே படமெடுத்துப் பிறருக்கு அனுப்புவதையும், நன்றாக வருகிறதே, விற்கலாமே என்று வரும் யோசனைகளையும் சில மாதங்களாவது ஒதுக்கிவையுங்கள். பாராட்டையும் வருமானத்தையும் எதிர்பார்க்கத் தொடங்கினால் அதுவும் இன்னோர் அலுவலகமாகிவிடும். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியால் 1966-இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில், பாத்திக் (துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் கலை) போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுப் பிழைப்பைப் பார்த்துக்கொண்ட கலைஞர்கள், சந்தையை நம்பியிராமல் தம் ஓவியத்தைச் சுதந்திரமாகத் தொடர்ந்தார்கள். கலையையே வாழ்க்கையாகக் கொண்டவர்களே இப்படி அதற்கு ஒரு வேலி போட்டிருக்கும்போது, மாதச் சம்பளத்தில் இருப்பவர்களுக்கு அது இன்னும் எளிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சென்று படங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் கலை மட்டும் போதாது. மருத்துவரை அணுக வேண்டும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-இல் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

மழையாலோ, தேர்வுக் காலத்தாலோ, உறவினர் வருகையாலோ இடையில் சில நாட்கள் விட்டுப்போகும். அவற்றை ஈடுகட்ட ஒரே நாளில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டாம். அன்றைக்குரிய இருபது நிமிடத்தை மட்டும் செய்துவிட்டு எழுந்துவிடுங்கள்.