வேதாகமத் தாள் சுருங்காமல் சங்கீதம் 1:3-ஐ வரைவது எப்படி

வேதாகமப் பக்கத்தின் ஓரத்தில் வசனத்துக்கேற்ற படமும் எழுத்தும் வரையும் பைபிள் ஜர்னலிங்கில் படத்தைவிடத் தாள்தான் முதலில் காலை வாரும். ஜெராக்ஸ் எடுக்கும் தாள் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) இருக்கும், வேதாகமத் தாள் பெரும்பாலும் 28 முதல் 40-க்குள் அடங்கிவிடும். ஸ்கெட்ச் பேனாவை அழுத்தினால் மறுபக்கத்து வசனமும் சேர்ந்து நிறம் மாறும். தண்ணீர் பட்டால் பட்ட இடத்தில் மட்டும் நார்கள் உப்பி, காய்ந்தபின் அந்த இடம் அப்பளம்போல நெளிந்து நிற்கும்.

ஜர்னலிங்குக்கென்றே அச்சிடும் பதிப்புகளில் பக்க ஓரம் சுமார் 5 செ.மீ. காலியாக இருக்கும். கடையில் கிடைக்கும் தமிழ் வேதாகமங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி இல்லை. ஓரம் ஒரு செ.மீ. இருந்தாலே அதிகம். அவற்றில் வசனத்தின் மேலேயே வரைவதைவிட மடிப்புத் தாள் ஒட்டுவது நல்லது. 120 ஜி.எஸ்.எம். கார்ட்ரிட்ஜ் தாளை (கெட்டியான ஓவியத் தாள்) 5 செ.மீ. அகலத்தில் வெட்டுங்கள், உயரம் பக்கத்தைவிட மேலும் கீழும் 3 மி.மீ. குறையட்டும். பக்கத்தின் வெளி விளிம்போடு சேர்த்து வைத்து, பாதி இதிலும் பாதி அதிலும் விழும்படி வாஷி டேப் (காகிதத்தாலான அலங்கார ஒட்டுநாடா) ஒட்டினால் கதவுபோலத் திறந்து மூடும். வெள்ளைப் பசை வேண்டாம், அதிலிருக்கும் தண்ணீரே தாளைச் சுருக்கிவிடும். செல்லோ டேப் நாளடைவில் மஞ்சளாகிக் கறை விடும். ஒரு புத்தகத்தில் இப்படிப் பத்துப் பதினைந்துக்கு மேல் ஒட்டினால் புத்தகம் வாய் பிளந்து தையல் விட ஆரம்பிக்கும்.

எந்தப் பொருளானாலும் முதலில் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் வெற்றுத் தாளில் ஒரு சிறு கோடு போட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். கோட்டின் நிழல் மட்டும் தெரிந்தால் பரவாயில்லை. இந்தத் தாளில் அதைத் தவிர்க்கவே முடியாது. மை ஊறிப் புள்ளி புள்ளியாக வந்திருந்தால் அந்தப் பேனா ஆகாது. பிக்மென்ட் மை உள்ள 0.2 முதல் 0.5 மி.மீ. ஃபைன்லைனர்கள் (மெல்லிய முனைப் பேனாக்கள்) பெரும்பாலும் தேறிவிடும். ஆல்கஹால் மார்க்கரைப் பரீட்சைக்குக்கூட எடுக்க வேண்டாம். பால்பாயின்ட் ஊறாது, ஆனால் அடுத்த நான்கு பக்கத்துக்குத் தழும்பு விழும். கலர் பென்சில்தான் ஆபத்தில்லாதது. பக்கத்துக்கு அடியில் கெட்டியான பிளாஸ்டிக் அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரே அழுத்தாக அழுத்தாமல் லேசாக மூன்று முறை தீட்டுங்கள்.

வாட்டர்கலர்தான் வேண்டும் என்பவர்களுக்குக் கிளியர் ஜெசோ, அதாவது வண்ணத்துக்கு முன் தாளில் பூசும் நிறமற்ற அடிப்பூச்சு தேவை. வெள்ளை ஜெசோ எழுத்தை மறைத்துவிடும், வாங்கும்போது கவனம். 5 செ.மீ. ஓரம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். அடியில் பிளாஸ்டிக் தாளை விரித்து, பழைய ஏ.டி.எம். கார்டின் விளிம்பால் உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஒரே திசையில் வழித்துவிடுங்கள். பிரஷ்ஷால் பூசினால் தடிமனாக நின்று, காய்வதற்குள் தாள் ஊறிவிடும். அரை மணி நேரம் காயட்டும். மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாகும். அவசரப்பட்டு ஹேர் டிரையரின் சூடான காற்றைக் காட்டினால் தாள் சுருளும்.

காய்ந்த ஜெசோ உப்புத்தாள்போலச் சொரசொரப்பாக இருக்கும். அதில் பென்சில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஃபைன்லைனரின் முனை தேயும். பழைய பேனா ஒன்றை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். வண்ணம் தொட்ட பிரஷ்ஷைத் துணியில் ஒருமுறை ஒற்றிவிட்டுத் தீட்டுங்கள். நிறம் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்பதால், இரண்டாம் பூச்சில் தேய்த்தால் முதல் பூச்சு கையோடு வந்துவிடும்.

வரிசையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வாட்டர்கலர் என்றால் வண்ணம் முதலில், மைக்கோடு கடைசியில். கலர் பென்சில் என்றால் தலைகீழ்: மைக்கோடு போட்டுக் காய்ந்த பிறகே பென்சில். கலர் பென்சிலில் இருக்கும் மெழுகின் மேல் பேனாவை ஓட்டினால் முனை அடைத்துக்கொள்ளும்.

இனி படம். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் பலவற்றில் அகன்ற ஆறும் கரையில் ஒரு மரமும் இருக்கும். தமிழ் வசனத்தில் ஆறு இல்லை. “நீர்க்கால்களின் ஓரமாய் நடப்பட்டு” என்கிறது; எபிரெய மூலச்சொல்லும் பிரித்துவிடப்பட்ட வாய்க்காலைத்தான் குறிக்கும். அதுவும் பன்மை. ஆகவே தண்ணீரை ஒரே நீலப் பட்டையாகப் போடாமல், இரண்டு மூன்று மெல்லிய கோடுகளாக வேரை நோக்கிக் கொண்டுவாருங்கள். என்ன மரம் என்று வசனம் சொல்லவில்லை, அது உங்கள் விருப்பம். “தன் கனியைத் தந்து” என்று வருவதால் பழம் இருக்க வேண்டும். அழகுக்காகக் காற்றில் பறக்கும் இலைகள் வரைவது மட்டும் கூடாது. வசனம் சொல்வதே இலையுதிராத மரத்தைத்தான்.

கை வராதவர்களுக்குத் தாளின் மெல்லிசே உதவும். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் படத்தை வரைந்து பக்கத்துக்கு அடியில் வைத்தால் கோடு அப்படியே மேலே தெரியும். ஹெச்.பி. பென்சிலால் அழுத்தாமல் ஒற்றி எடுக்கலாம். ரப்பரைத் தேய்த்தால் தாள் மடங்கிக் கிழியும். பிசையும் ரப்பரால் ஒற்றியே அழியுங்கள்.

எழுத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வசனத்தில் வரும் ‘இலையுதிராதிருக்கிற’ என்பதில் பத்து எழுத்து. ‘லை’யும் ‘ரா’வும் இரட்டிப்பு இடம் கேட்கும். 5 செ.மீ. ஓரத்தில் அதை அடைத்தால் ஒவ்வொன்றும் 3 மி.மீ.க்கு இறங்கிவிடும். ‘இலையுதிரா’ என்று நிறுத்தி மறுவரியில் ‘திருக்கிற’ என்று தொடங்கினாலோ, படிப்பவர் கண்ணில் முதலில் ‘திரு’தான் படும். புத்தகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, மரத்தின் தண்டு நெடுக எழுதுங்கள். ஓரத்தின் உயரம் 18 செ.மீ. இருந்தாலே எழுத்துக்கு ஒன்றரை செ.மீ. வரை கிடைக்கும். எழுத்தின் உடலுக்கு 8 மி.மீ. என்று இரண்டு கோடு இழுத்தால், மேலே இகர விசிறிக்கும் புள்ளிக்கும், கீழே உகரச் சுழிக்கும் தலா 4 மி.மீ. விட்டுவையுங்கள். பென்சிலில் எழுதிப் பார்க்கும்போதே புள்ளிகளை எண்ணிவிடுவது நல்லது. அலங்கார எழுத்தில் முதலில் விட்டுப்போவது அதுதான்.

முடித்ததும் உடனே மூட வேண்டாம். ஜெசோவும் அக்ரிலிக் வண்ணமும் தொடுவதற்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும், அழுத்தம் பட்டால் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது அந்தப் பக்கத்து எழுத்தும் உரிந்துவரும். ஒரு நாள் திறந்து வைத்து, பிறகு இரண்டு பக்கத்துக்கும் நடுவே பட்டர் பேப்பர் வைத்து மூடி, மேலே கனமான இரண்டு புத்தகங்களை ஏற்றிவிடுங்கள். லேசான நெளிவு மறுநாள் காலைக்குள் ஓரளவு படிந்திருக்கும். வெயில் காலத்தில் பட்டர் பேப்பரை எடுக்காமல் அங்கேயே விட்டுவிடலாம்.