மலையகம் போகிறீர்களா? பாறையைத் தொட்டுப் பாருங்கள்

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம்மவர்கள் சொந்தக்காரர் வீடு, கோயில் திருவிழா என்று நாட்களை ஒதுக்கிவிட்டு, இலங்கையின் மலைநாடான மலையகத்துக்கு ஒரு பகலைத்தான் மிச்சம் வைக்கிறார்கள். நுவரெலியாவில் ஒரு தேநீர், எல்லவில் ஒன்பது வளைவுப் பாலம், நாலு படம், உடனே திரும்பல். மூன்று நாளாவது ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே காலடியில் கிடக்கும் கல்லின் கதை அத்தனை பெரியது.

யாழ்ப்பாணத்துக் கிணற்றில் நாம் பார்த்து வளர்ந்த சுண்ணக்கல் மயோசீன் காலக் கடலடியில் படிந்தது. அதன் வயது 2 கோடி ஆண்டுகளை ஒட்டியது. மலையகப் பாறையோ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆபிரிக்கா, இந்தியா, அந்தாட்டிக்கா முதலிய நிலங்கள் மோதிக் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டிச் சேர்ந்தபோது, பூமிக்குள் 20 கிலோமீற்றருக்கும் கூடுதலான ஆழத்தில் வெந்து உருமாறியது. அந்த மோதலில் எழுந்த மலைத்தொடரை மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துத் தள்ளின. மேலே சுமை குறையக் குறைய, பாரம் இறக்கிய தோணிபோல அடிநிலம் மெல்ல மேலெழுந்தது. அன்று ஆழத்தில் புதைந்திருந்த வேர்தான் இன்று இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையாக 2,524 மீற்றர் உயரத்தில் நிற்கிறது.

இதைப் பார்க்க அருங்காட்சியகம் தேவையில்லை. வீதிக்காக வெட்டிய பாறைச் சுவர் ஒன்றின் அருகே, வாகனம் வராத ஓரமாக நின்று பாருங்கள். சென்ற முறை என் மகளை அப்படி நிறுத்தினேன். ஈரம் துடைத்த கல்லில் வெள்ளையும் கறுப்புமாக வரிகள், பிசைந்த மாவைப்போல மடிந்து கிடந்தன. நடுவே மாதுளை முத்து நிறத்தில் சிறு மணிகள். "இரத்தினமா அப்பா?" என்றாள். கார்னெட். கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் விளைந்த கனிமம் அது. விரலால் ஒவ்வொரு மணியாகத் தொட்டுக்கொண்டே நின்றாள். மழை பிடித்த பிறகுதான் நகர்ந்தோம். இத்தகைய பாறைகள் சிதைந்து, ஆறுகள் சுமந்து சேர்த்த சரளையில்தான் இரத்தினபுரியில் மாணிக்கமும் நீலமும் தோண்டுகிறார்கள். அங்கே கல் வாங்க ஆசை வந்தால், இரத்தினக்கல் அதிகார சபையில் பரிசோதித்துவிட்டே காசைக் கொடுங்கள்.

மலை தேய்ந்த விதத்தை ஒரே பார்வையில் காண ஹோட்டன் சமவெளிக்குப் போகவேண்டும். சுமார் 2,100 மீற்றர் உயரத்தில் பரந்த புல்வெளி. அதன் விளிம்பில், 'உலக முடிவு' (World's End) என்று பெயர்பெற்ற இடத்தில், நிலம் சட்டென்று 800 மீற்றருக்கும் மேல் செங்குத்தாக இறங்குகிறது. காலை ஒன்பது மணிக்குள் அங்கே நிற்கவேண்டும், பிறகு மூடுபனி எல்லாவற்றையும் மறைத்துவிடும். தடித்த மேலாடை கொண்டுபோங்கள். பொலித்தீன் பைகளை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். தேசியப் பூங்கா என்பதால் ஒரு கூழாங்கல்லையும் எடுக்கக்கூடாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் பல மடங்கு.

ரயிலில் போவதே சிறப்பு. அந்தத் தண்டவாளத்துக்காகப் பாறை உடைத்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆசனங்கள் விரைவில் நிரம்பிவிடும், முன்பதிவு அவசியம். மண்சரிவால் பாதை மூடப்படுவதும் உண்டு; ரயில் எதுவரை ஓடுகிறது என்று விசாரித்துவிட்டே புறப்படுங்கள்.

மண்சரிவை நான் இலேசாகச் சொல்லவில்லை. பழைய பாறை வெப்பமண்டல மழையில் உளுத்து, தடித்த செம்மண்ணாகச் செங்குத்துச் சரிவில் அமர்ந்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் அந்த மண் சரிந்து, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகளை மூடியது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் போவதானால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று கண்டால் அந்த இடத்தில் தங்காதீர்கள். சந்தேகமென்றால் தோட்டத்து மக்களிடம் கேளுங்கள். எந்தச் சரிவில் தண்ணீர் கலங்குகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.