மொட்டை மாடியில் 50 டிகிரியா? வெப்பமானி செய்யப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் ‘இன்னிக்கு எத்தனை டிகிரி?’ என்பதுதான் பேச்சு. எலக்ட்ரானிக்ஸ் பழகத் தொடங்கும் வேலூர்க்காரருக்கு வெப்பமானியைவிடப் பொருத்தமான முதல் வேலை கிடையாது. ஓர் ஆர்டுயினோ (புரோகிராம் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகை), வெப்பம் அளக்கும் டி.எச்.டி.11 சென்சார், எண் காட்ட ஒரு டிஸ்ப்ளே, சில ரெசிஸ்டர்கள், ஒரு பிரெட்போர்டு, நாலு ஜம்பர் வயர் போதும். புரோகிராமும் ஆயத்தமாகக் கிடைக்கும். ஆனாலும் அது காட்டும் எண்ணை நம்ப முடியாமல் போவதற்குச் சில வழக்கமான காரணங்கள் உண்டு.

முதல் காரணம், சென்சாரை வெயிலில் வைப்பது. வெயிலில் காயும் சென்சார் அளப்பது காற்றின் வெப்பத்தை அல்ல, தன் உடம்புச் சூட்டை. சிமென்ட் தளத்தின் மேல் வைத்தால் தளத்தின் சூடும் சேர்ந்துகொள்ளும். வானிலைத் துறை வெப்பமானியை வெள்ளையடித்த, சாய்சட்டம் போட்ட மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டருக்குக் குறையாத உயரத்தில், காற்றோட்டமான இடத்தில் வைப்பது அதனால்தான். வீட்டில் அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். நாள் முழுக்க நிழல் விழும் இடமாகப் பார்த்து, சுவரை ஒட்டாமல் தொங்கவிட்டாலே போதும். டி.எச்.டி.11-இன் எல்லையே 0 முதல் 50 டிகிரி வரைதான். அதற்கு மேல் அது என்ன சொன்னாலும் கணக்கில் வராது.

அடுத்தது மின்சாரம். கடையில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று 9 வோல்ட் சதுர பேட்டரியைச் செருகுவார்கள். ஆர்டுயினோவில் பலரும் வாங்கும் யூனோ வகைக்கு மட்டும் சுமார் 50 மில்லியாம்பியர் தேவை. நல்ல அல்கலைன் பேட்டரியின் கொள்ளளவே ஏறக்குறைய 500 மில்லியாம்பியர் மணி. காலையில் வைத்தால் ராத்திரிக்குள் தீர்ந்துவிடும். அதிலும் 4 வோல்ட், 9-ஐ 5 ஆகக் குறைக்கும் பலகையின் ரெகுலேட்டரில் வெறும் சூடாகப் போகும். வீட்டில் சும்மா கிடக்கும் 5 வோல்ட் போன் சார்ஜரை யு.எஸ்.பி. வழியே கொடுங்கள், தொல்லை விட்டது.

சால்டர் இல்லாமல் வயர்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகையான பிரெட்போர்டில் ஒன்றைக் கவனியுங்கள். சில நீளப் பலகைகளில் ஓரத்து சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். ஒரு பாதியில் மின்சாரம் இருக்கும், மறுபாதி செத்துக் கிடக்கும். சந்தேகம் வந்தால் இணைப்பு இருந்தால் ஒலிக்கும் மல்டிமீட்டரின் பஸ்ஸரை வைத்துப் பாருங்கள், சப்ளையைக் கழற்றிவிட்டு.

ஏழு கோட்டு எல்.இ.டி. டிஸ்ப்ளேயில் நடக்கும் தவறு சுவாரசியமானது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரைக் கோட்டுக்கு ஒன்றாக ஏழு போடச் சோம்பல்பட்டு, எல்லாக் கோடுகளுக்கும் பொதுவான காலில் ஒன்றே ஒன்றைப் போட்டுவிடுவார்கள். எரியத்தான் செய்யும். ஆனால் 1 பளிச்சென்று தெரியும், 8 மங்கும். 1-க்கு இரண்டே கோடுகள், 8-க்கு ஏழு. ஒரே ரெசிஸ்டர் வழியே வரும் மின்னோட்டத்தை அவை பங்குபோட்டுக்கொள்கின்றன. பார்ப்பவருக்கோ சில எண்கள் முக்கியமானவை போலத் தோன்றும். கோட்டுக்கு ஒன்றாக 220 ஓம் போடுங்கள். 5 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி. 2 வோல்ட் எடுத்தால் மிச்சம் 3 வோல்ட். மின்னோட்டம் 14 மில்லியாம்பியருக்குள் அடங்கும். யூனோவின் கால் ஒன்றுக்கு 20 மில்லியாம்பியர்வரை சரி, 40-ஐத் தாண்டினால் சிப்புக்கே ஆபத்து. ரெசிஸ்டரே இல்லாமல் இணைப்பவர்களுக்குச் சொல்ல வேறொன்றுமில்லை.

இனி எண்ணைக் காட்டும் விதம். என்னைக் கேட்டால் பெரிய தவறு இங்கேதான். புரோகிராம் 41.00 என்று அச்சடிக்கும். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் மரியாதை வந்துவிடும். டி.எச்.டி.11-இன் பிழையோ கூட்டியும் குறைத்தும் 2 டிகிரி. உண்மை 39 ஆகவும் இருக்கலாம், 43 ஆகவும் இருக்கலாம். 41 என்று மட்டும் காட்டுவதுதான் நேர்மை. பக்கத்தில் ‘நிழலில்’ என்று ஒரு சொல் ஒட்டினால் இன்னும் நல்லது.

வரைபடம் போடுகிறவர்கள் அச்சை 40-இல் தொடங்கி 42-இல் முடித்துவிடுவார்கள். ஒரு டிகிரி ஏற்றம் வேலூர்க் கோட்டை மதில் உயரத்துக்கு நிற்கும். 20 முதல் 45 வரை வைத்தால் விடியற்காலையிலிருந்து பிற்பகல் வரை வெயில் ஏறி இறங்குவது உள்ளபடி தெரியும்.

வயர் நிறத்தையும் அலட்சியப்படுத்தாதீர்கள். பிளஸுக்குச் சிவப்பு, கிரவுண்டுக்குக் கறுப்பு, டேட்டாவுக்கு வேறு ஏதாவது. எந்தக் கால் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து பெட்டி மூடிக்குள் ஒட்டிவையுங்கள்.

அரை டிகிரித் துல்லியம் வேண்டுமென்றால், சென்னை போகிற யாரிடமாவது எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் டி.எச்.டி.22 சென்சார் வாங்கி வரச் சொல்லலாம். அதை 2 விநாடிக்கு ஒருமுறைக்கு மேல் கேட்கக் கூடாது. புரோகிராமில் சென்சார் பெயரையும் மாற்ற வேண்டும். மறந்தால் வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாத எண் வரும்.