பழைய துப்பாக்கிக் கட்டையைத் தேய்க்காமல் மீட்பது எப்படி

பழைய துப்பாக்கி கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது உப்புத்தாளை. தயவுசெய்து வேண்டாம். நான் கடைசியாக வேலை செய்தது ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலையில் 1943-இல் செய்த லீ-என்ஃபீல்டு .303. அதன் கட்டை கோச்வுட், நியூ சவுத் வேல்ஸ் மழைக்காடுகளில் வளரும் மரம். போர்க்காலத்தில் டென்னிஸ் மட்டை செய்துகொண்டிருந்த ஸ்லாசெஞ்சர் நிறுவனமும் லித்கோவுக்குக் கட்டை செய்து தந்தது, அப்படி வந்த கட்டைகளில் அவர்களுடைய சுருக்கப் பெயரும் ஆண்டும் குத்தியிருக்கும். உப்புத்தாள் பட்டால் இந்த முத்திரைகள்தான் முதலில் போகும். மரமும் அதை ஒட்டிய இரும்பின் மட்டத்துக்குக் கீழே போய்விடும், அதை எதைப் போட்டும் உயர்த்த முடியாது.

சரி, வேலைக்கு வருவோம். குழாயின் பின்முனையில் குண்டு உட்காரும் அறையில் குண்டு இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, அந்த அறையை மூடும் போல்ட்டையும் குண்டு அடுக்கும் மேகசினையும் எடுத்துத் தனியே வையுங்கள்.

கழற்றும் வரிசையில்தான் நிறையப் பேர் கட்டையைப் பிளந்துவிடுகிறார்கள். இந்தத் துப்பாக்கியில் தோளில் அணைக்கும் பின்பக்கப் பட் தனி, குழாயைத் தாங்கும் முன்கட்டை தனி. பட்டைப் பிடித்திருக்கும் நீண்ட திருகு போல்ட்டின் முனை சதுரமாக இருக்கும், அது முன்கட்டையின் பின்முனையில் உள்ள தகட்டுக்குள் மாட்டியிருக்கும். முன்கட்டை இடத்தில் இருக்கும்போதே பட் போல்ட்டைத் திருகினால் அந்தச் சதுரம் சுற்றி முன்கட்டையை உடைத்துவிடும். அதனால் முன்கட்டைதான் முதலில். முன்முனையில் உள்ள மூக்கு மூடி, வளையங்கள், விசையைச் சுற்றியுள்ள ட்ரிகர் கார்டு எல்லாவற்றையும் எடுத்த பிறகு முன்கட்டையை நேராகக் கீழ்நோக்கி, இரண்டு முனையும் சமமாக வரும்படி இறக்குங்கள். முன்முனையைப் பிடித்து நெம்பவே கூடாது. குழாய்க்கு அடியில் ஒரு குட்டி ஸ்பிரிங் இருக்கும், அது துள்ளி ஓடும். கோச்வுட் கட்டை என்றால் உள்ளே பின்பக்கத்தில் சுடும் அதிர்ச்சியைத் தாங்க இரண்டு சிறு செப்புத் தகடுகள் வைத்திருப்பார்கள், மரம் கொஞ்சம் மென்மை என்பதால். அவற்றைக் கழற்ற வேண்டாம், இடத்தில் இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எல்லாத் திருகுகளையும் எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று எழுதிய தாளில் குத்தி வையுங்கள்.

அடுத்து அழுக்கு. டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்தாலே மேலே உள்ள பாதி போய்விடும். போகாத இடத்தில் மிக மெல்லிய ஸ்டீல் வுல், நான்கு பூஜ்யம் போட்டது, மரத்தின் வரியோடு மெதுவாக. மரத்துக்குள் ஊறிய கறுத்த துப்பாக்கி எண்ணெய்தான் உண்மையான சிக்கல், அது மரத்தையே பஞ்சு போல ஆக்கிவிடும். அதற்கு நெற்றியில் பத்து போடுவது மாதிரி ஒரு பத்துப் போட வேண்டும்: வைட்டிங் பவுடரை, அதாவது மெல்லிய சுண்ணக்கட்டிப் பொடியை, அசிட்டோனில் குழைத்து அப்பி, காய்ந்ததும் பிரஷால் உதிர்த்துப் பார்த்தால் பொடி மஞ்சளாகியிருக்கும். பொடி வெள்ளையாக உதிரும் வரை திரும்பத் திரும்பப் போடுங்கள், எனக்கு ஐந்து முறை ஆயிற்று. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், வெளியே திறந்த இடத்தில் செய்யுங்கள். அடுப்பு துடைக்கும் காரத் திரவத்தைச் சிலர் சொல்வார்கள், அது மரநாரைத் தின்றுவிடும், பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

குழிவிழுந்த இடங்களுக்கு ஈரத்துணியைப் போட்டு, அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியைச் சில நொடி வையுங்கள். நசுங்கிய நார் ஆவியைக் குடித்து உப்பிவரும், பார்க்கவே அதிசயமாக இருக்கும். நார் அறுந்து போன வெட்டுக் காயம் மட்டும் இப்படி எழாது, அது அந்தத் துப்பாக்கி பட்ட காயம், அப்படியே இருக்கட்டும். முத்திரை அருகே ஆவி வேண்டவே வேண்டாம், முத்திரையும் நசுங்கிய நார்தானே, அதுவும் எழுந்து மறைந்துவிடும்.

இரண்டு நாள் காயவிட்ட பிறகு எண்ணெய். பாலியூரிதேன் வார்னிஷ் அடித்தால் பிளாஸ்டிக் பொம்மை போல மினுங்கும், அந்தக் காலத்துப் படைவீரர்கள் தேய்த்தது எதுவும் சேர்க்காத பச்சை ஆளி விதை எண்ணெய்தான். அது காய நாள் கணக்காகும், அவசரம் என்றால் கடைகளில் காய்ச்சியது என்று விற்கும் எண்ணெய், உலர்த்திகள் சேர்த்தது, ஒரு நாளில் காயும். எதுவானாலும் சில துளிகளை உள்ளங்கையில் விட்டு, கை சூடேறும் வரை தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மிச்சத்தை விட்டால் பிசுபிசுவென்று ஒட்டும் தோல் படியும், அப்புறம் அதைச் சுரண்டுவது பெரும்பாடு. ஒவ்வொரு பூச்சும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது, ஐந்தாறு பூச்சு போதும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும், இதில் வீடே எரிந்திருக்கிறது. விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

மாட்டும்போது வரிசை தலைகீழ்: பட் முதலில், போல்ட்டை நன்றாக முறுக்கி, அதன் சதுர முனையின் பக்கங்கள் நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகே முன்கட்டை. ஏறவில்லை என்றால் தட்டாதீர்கள், சதுரம் கொஞ்சம் சாய்ந்திருக்கும், போல்ட்டை இம்மி திருப்பினால் தானாக உட்காரும்.